சாச்சியின் பெயரில் ஒரு சான்றிதழ்

2025ஆம் ஆண்டு நோன்பு காலத்தில் எங்கள் சாச்சிக்கு ஒரு காசோலை கிடைத்தது. கொழும்பிலுள்ள ஓர் அலுவலகத்தின் இப்தாருக்காக 350 பெட்டிஸ், 350 கட்லட், 20 தட்டு வட்டிலப்பம் செய்து கொடுத்ததற்கான பணம் அது. பெறுமதி 68,000 ரூபா. கொட்டாஞ்சேனையிலுள்ள வாடகை வீட்டின் அடுப்படியில் நான்கு வருடங்களாகச் சிற்றுண்டி செய்து கடைகளுக்குக் கொடுத்து வரும் சாச்சிக்கு அதுவரை கிடைத்த மிகப் பெரிய ஓடர் அதுதான். கடைக்காரர்கள் எப்போதும் கையில் காசாகவே கொடுப்பார்கள். அதனால் காசோலையைக் கண்டதும் வீட்டில் எல்லோருக்கும் பெருமை.

அந்தப் பெருமை வங்கிக் கருமபீடம் வரைதான் நீடித்தது. காசோலை சாச்சியின் பெயருக்கு எழுதப்பட்டிருக்கவில்லை. சாச்சி தன் பெட்டிகளில் ஒட்டும் லேபிளில் ஒரு வியாபாரப் பெயர் இருக்கிறது. பில்லிலும் அதே பெயர்தான். அலுவலகத்தார் பில்லைப் பார்த்து அந்தப் பெயருக்கே எழுதி, பெறுநரின் கணக்குக்கு மட்டும் என்று குறுக்குக் கோடும் போட்டிருந்தார்கள். அந்தப் பெயரில் கணக்கு இல்லை. கணக்குத் திறக்க வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ் வேண்டும் என்றார் வங்கி உத்தியோகத்தர். காசோலையை மாற்றித் தரக் கேட்டோம். பில்லில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயருக்கு எழுத முடியாது என்று அலுவலகத்தார் சொல்லிவிட்டார்கள். காசோலை ஆறு மாதங்களுக்குத்தான் செல்லும்.

நான் உயர்தரத்தில் வணிகக் கல்வி படிக்கிறேன். தனி வியாபாரம், பங்குடைமை, கம்பனி என்று மூன்றின் அனுகூலங்களையும் பிரதிகூலங்களையும் பரீட்சைத் தாளில் வரிசையாக எழுதத் தெரியும். ஆனால் “மகள், இந்தப் பதிவை எங்க போய்ச் செய்ற?” என்று சாச்சி கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அதன் பிறகு சாச்சியோடு அலைந்து தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். வீட்டில் கேக் அடிக்கும், அபாயா தைக்கும், மருதாணி போடும் தோழிகளுக்கும் அவர்களுடைய உம்மாமார்களுக்கும் இது உதவும்.

பெயரைப் பதிவது எதற்காக?

இலங்கையில் வியாபாரப் பெயரைப் பதியும் சட்டம் புதிதன்று. 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. இன்று இந்தப் பதிவு மாகாணத்தின் கீழ் வருகிறது. மேல் மாகாணத்தில் பிரதேச செயலகத்தின் ஊடாக இதைச் செய்துகொள்ளலாம்.

சட்டத்தின் நோக்கம் இலகுவானது. பெயர்ப் பலகைக்குப் பின்னால் இருக்கும் ஆள் யார் என்பதை ஊரார் அறிய வேண்டும். ஒருவர் தன் சொந்த முழுப் பெயரில், எந்தச் சேர்க்கையும் இல்லாமல் வியாபாரம் செய்தால் பதிய வேண்டியதில்லை. அந்தப் பெயரோடு ‘ஸ்டோர்ஸ்’, ‘புட்ஸ்’, ‘அன்ட் சன்ஸ்’ என்று ஒரு சொல் சேர்ந்தாலும், முற்றிலும் வேறு பெயர் வைத்தாலும் பதிய வேண்டும்.

பதியாவிட்டால் என்ன என்று நானும் நினைத்ததுண்டு. அபராதம் ஒருபுறமிருக்க, அந்தக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இன்னொரு விடயத்தைச் சொல்கிறது. பதிய வேண்டியவர் பதியாமல் செய்த வியாபார ஒப்பந்தத்தின் கீழ்த் தனக்கு வரவேண்டியதை வழக்குப் போட்டுப் பெற முடியாது. நீதிமன்றம் தகுந்த காரணம் கண்டு விலக்களித்தால் மட்டுமே முடியும். எதிர்த் தரப்பின் உரிமைக்கோ எந்தக் குறையும் இல்லை. அதாவது, சாச்சியின் பெட்டிஸ் கெட்டுப்போயிருந்தால் கடைக்காரர் சாச்சிமீது வழக்குப் போடலாம். கடைக்காரர் காசு தராவிட்டால் சாச்சியின் கை கட்டப்பட்டிருக்கும். நான்கு வருடங்களாக சாச்சி இப்படித்தான் வியாபாரம் செய்திருக்கிறார் என்பது இதைப் படித்த பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

எந்தச் செயலகம்?

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில். முதல் நாள் உம்மாவும் சாச்சியும் நானும் எங்கள் பகுதிக்குரிய திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்குப் போனோம். அங்கிருந்த உத்தியோகத்தர் முதலில் கேட்டது, “வியாபாரம் நடக்கும் இடம் எது?” என்பதைத்தான். கொட்டாஞ்சேனை என்றதும், அது கொழும்பு பிரதேச செயலகப் பிரிவு, அங்கேதான் போக வேண்டும் என்று விளக்கமாகச் சொன்னார்.

கொழும்பு மாநகரம் ஒன்றுதான் என்றாலும் பிரதேச செயலகப் பிரிவுகள் இரண்டு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்றவை திம்பிரிகஸ்யாயவில் அடங்கும். கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை போன்றவை கொழும்புப் பிரிவில் அடங்கும். நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பதை அல்ல, தொழில் எங்கே நடக்கிறது என்பதையே பார்க்கிறார்கள். நாங்கள் 155ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கே திரும்பினோம். ஒரு நாள் வீணானதாக சாச்சி குறைபட்டார். எனக்கோ பாடநூலில் இல்லாத முதல் பாடம் கிடைத்திருந்தது.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாச்சிக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. அதனால் படிவத்தை நிரப்ப யாரையாவது காசு கொடுத்துப் பிடிக்கலாமா என்று யோசித்தார். அரசியலமைப்புக்கு 1988இல் கொண்டுவரப்பட்ட 16ஆம் திருத்தத்தின்படி, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் ஒருவர் தமிழில் அரச அலுவலகத்தோடு தொடர்புகொள்ளவும் அந்த மொழியிலேயே பதில் பெறவும் உரித்துடையவர். எனவே தமிழ்ப் படிவத்தைக் கேட்பது யாரிடமும் உதவி கேட்பதாகாது. தமிழ்ப் படிவத்தையே கேட்டு வாங்கினோம்.

யாருடைய பெயர்?

படிவத்தோடு கொடுக்க வேண்டியவை பெரிதாக எதுவும் இல்லை. விண்ணப்பதாரியின் தேசிய அடையாள அட்டைப் பிரதி, வியாபார இடத்துக்கான சான்று, கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, அதற்குரிய கட்டணம். இடம் சொந்தமானால் உறுதியின் பிரதி கொடுக்கலாம். வாடகையானால் ஒப்பந்தமும் உரிமையாளரின் சம்மதக் கடிதமும் வேண்டும். தொழிலின் தன்மையைப் பொறுத்து வேறு திணைக்களங்களின் சான்றும் கேட்கப்படலாம். ஆகவே முதலில் வெறுங்கையோடு ஒருமுறை போய், தேவையான ஆவணங்களின் பட்டியலை வாங்கி வருவது புத்தி.

சம்மதக் கடிதத்துக்கு வீட்டுக்கார அம்மா தயங்கினார். கையெழுத்து வைத்தால் வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. கடிதத்தில் எழுதுவது இந்த முகவரியில் இந்தத் தொழிலைச் செய்ய ஆட்சேபம் இல்லை என்பது மட்டும்தான் என்று சாச்சி வாசித்துக் காட்டினார். இரண்டு நாட்கள் யோசித்து, மகனிடமும் கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. எழுத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்து வைக்காதவர் புத்திசாலிதான்.

உண்மையான சிக்கல் எங்கள் வீட்டுக்குள்ளேதான் இருந்தது. படிவத்தில் உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் சாச்சா தன் பெயரை எழுதப் போனார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. “அலுவலகங்களுக்கு ஏறி இறங்கப் போறது நான்தானே. நீங்க எதுக்கு வரிசையில நிக்கணும்?” என்றார். சாச்சியும் முதலில் சரி என்றுவிட்டார். படிவமும் அப்படியே நிரப்பப்பட்டது.

அந்தப் படிவத்தோடுதான் கிராம உத்தியோகத்தரிடம் போனோம். அவர் அதைப் பார்த்துவிட்டு, “இந்தச் சாப்பாட்டைச் செய்வது யார்?” என்று கேட்டார். சாச்சா சாச்சியைப் பார்த்தார். “அப்படியென்றால் இவருடைய பெயர் அல்லவா வர வேண்டும்? நாளைக்குக் கடன் எடுப்பதும் வங்கிக் கணக்கில் கையெழுத்து வைப்பதும் பெயர் உள்ளவர்தான்” என்று அவர் சாதாரணமாகச் சொன்னார்.

அன்றிரவு எங்கள் வீட்டில் இதே பேச்சுத்தான். உம்மா சொன்னார்: “கதீஜா நாயகி தன்ட பேர்ல வியாபாரம் செஞ்சத நாங்க புள்ளைகளுக்குக் கதையாச் சொல்றம். எங்கட வீட்டுக் கடதாசியில மட்டும் ஏன் மாறணும்?” சாச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எல்லாம் நான்தானே செய்ற. பேரும் என்ட பேராவே ஈக்கட்டும்” என்றார். சாச்சாவும் சிரித்துக்கொண்டே புதிய படிவம் ஒன்று வாங்கி வந்தார்.

இது மனத்திருப்திக்காகச் சொல்லும் விடயமன்று. தனி வியாபாரத்தில் பதிவிலுள்ள பெயர்தான் வியாபாரம். கணக்கு, கடன், இலாபம், பொறுப்பு எல்லாம் அந்தப் பெயரையே சேரும். உழைப்பவர் ஒருவர், பெயர் இன்னொருவர் என்றால், நல்ல நாளில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நோய், மரணம், மனக்கசப்பு என்று ஒரு நாள் வரும்போது, நான்கு வருட உழைப்பை நிரூபிக்க உழைத்தவரிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்காது. பொறுப்பும் அப்படியே. தனி வியாபாரத்தில் பொறுப்புக்கு வரையறை இல்லை. வியாபாரக் கடனுக்குச் சொந்தச் சொத்தும் பதில் சொல்ல வேண்டும். கணவரோ சகோதரரோ தான் செய்யாத தொழிலின் கடனைச் சுமப்பதும் நியாயமில்லை.

ராத்தாவும் தங்கச்சியும்

இன்னொரு கேள்வியும் எழுந்தது. ஆழ்குளிர்ப் பெட்டி வாங்க உம்மா 1,50,000 ரூபா கொடுத்திருந்தார். அப்படியானால் உம்மா பங்காளியா? கடன் கொடுத்தவரா? இருவருமே இதுவரை அதைப் பேசிக்கொண்டதில்லை. ராத்தா, தங்கச்சிக்குள் என்ன கணக்கு என்பதுதான் இருவருடைய பதிலும்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம், மூலதனம் 1,000 ரூபாவுக்கு மேற்பட்ட பங்குடைமை எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. 1,000 ரூபா அந்தக் காலத்தில் பெருந்தொகை. இன்று ஒரு கேக்குக்கான சாமான் வாங்கவே அது போதாது. ஆகவே இன்று தோழிகள் இருவர் சேர்ந்து தொடங்கும் எந்தத் தொழிலும் இந்த வரம்புக்குள் வந்துவிடும். யார் எவ்வளவு போடுகிறார், இலாபம் எப்படிப் பிரியும், ஒருவர் விலகினால் என்ன என்பதை எழுதிக் கையெழுத்து வைக்காவிட்டால், பின்னர் பங்காளி என்று உரிமை கேட்பது கடினம்.

உம்மா தான் பங்காளி இல்லை, கொடுத்தது கடன் என்றார். மாதம் 10,000 ரூபா வீதம் 15 மாதங்களில் திருப்புவதாக ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். எழுதும்போது இருவருக்கும் கூச்சமாக இருந்தது. எழுதி முடித்ததும் இருவருக்கும் நிம்மதியாக இருந்தது.

சான்றிதழ் வந்த பிறகு

சான்றிதழ் கைக்கு வந்த அன்றே எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். உண்மையில் பெயரைப் பதிவது வேறு, தொழில் செய்ய அனுமதி பெறுவது வேறு. முன்னது இந்தப் பெயருக்குரியவர் யார் என்பதைச் சொல்கிறது. பின்னது இந்த இடத்தில் இந்தத் தொழிலைச் செய்யலாம் என்று சொல்கிறது.

அனுமதிப்பத்திரம் தருவது உள்ளூராட்சி மன்றம். எங்களுக்கு அது கொழும்பு மாநகர சபை. 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் சில தொழில்களுக்கு அனுமதிப்பத்திரம் தேவை. வேறு சிலவற்றுக்கு வரி மட்டும் உண்டு. உணவு முதல் வகையைச் சேர்ந்தது. அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31 வரைதான் செல்லும். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும்.

இதற்காகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். அவர் வரும் செய்தி கேட்டு சாச்சி மூன்று நாள் தூங்கவில்லை. அவர் பார்த்தவை எல்லாம் நாம் சுகாதாரப் பாடத்தில் படித்தவைதான். நிலமும் சுவரும் கழுவக்கூடியவையா, நீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, ஜன்னலுக்கு வலை உண்டா, சமைத்ததும் பச்சை இறைச்சியும் பிரித்து வைக்கப்படுகின்றனவா, சமைப்பவருக்கு மருத்துவச் சான்றிதழ் இருக்கிறதா. ஜன்னலுக்கு வலை போடவும் இறைச்சி வெட்டும் பலகையைத் தனியாக வைக்கவும் சொன்னார். இரண்டையும் செய்தோம். பரிசோதகரைக் கண்டு பயப்படுவதைவிட, முன்கூட்டியே அவரிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்பது நல்லது. சுவரை இடித்துக் கட்டிய பிறகு கேட்டால் செலவு இரட்டிப்பாகும்.

பொதி செய்து விற்கும் உணவுக்கு லேபிளும் முக்கியம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழுள்ள ஒழுங்குவிதிகள், உணவின் பெயர், சேர்மானங்கள், தேறிய நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தயாரிப்பாளரின் பெயர், முகவரி போன்றவற்றைக் கேட்கின்றன. சாச்சியின் பழைய லேபிளில் பெயரும் ஒரு ரோஜாப் பூவும்தான் இருந்தன. நிறுத்து விற்பவர்கள் தராசுக்கு வருடந்தோறும் முத்திரை பெற வேண்டும். அது அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் வேலை. ஹலால் சான்றிதழ் விரும்பிப் பெறுவது. அது இவற்றில் எதற்கும் ஈடாகாது. இவையும் அதற்கு ஈடாகா.

வரியும் ஊழியரும்

வரி இலக்கம் என்றதும் எங்கள் வீடுகளில் பலர் பின்வாங்குகிறார்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி செலுத்துநர் இலக்கம் பெறுவதும் வரி கட்டுவதும் ஒன்றல்ல. 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபருக்கான வரி விடுப்பு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா. மொத்த விற்பனையை அல்ல, செலவு கழித்து மிஞ்சும் இலாபத்தையே வருமானமாகக் கணக்கிடுகிறார்கள். எனவே பில்களைக் கிழித்துப் போடாமல் சேர்த்து வைப்பவருக்கே இலாபம். சாச்சி இப்போது மாவுக்கும் எண்ணெய்க்குமான பற்றுச்சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கிறார். மாத முடிவில் கணக்கு எழுதுவது என் வேலை.

உதவிக்கு ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தாலும் பொறுப்பு வருகிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் தொழில் தருநரிடமிருந்து 12 சதவீதமும் போக வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில் தருநர் மேலும் 3 சதவீதம் செலுத்த வேண்டும். ஒரே ஓர் ஊழியர் இருந்தாலும் இது பொருந்தும். விலை குறிக்கும்போதே இதையும் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெயருக்குக் காவல்

வியாபாரப் பெயரைப் பதிந்தால் அந்தப் பெயர் நமக்கே சொந்தமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பெயரையும் சின்னத்தையும் பிறர் பயன்படுத்தாமல் காக்க, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வர்த்தகக் குறியாகப் பதிய வேண்டும். தொழில் வளர்ந்து, சொந்தச் சொத்தைக் கடனிலிருந்து பிரித்து வைக்க விரும்பினால், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க கம்பனிகள் சட்டத்தின் கீழ் ஒரே பங்குதாரரோடும் கம்பனி அமைக்கலாம். ஆனால் கம்பனிக்கு வருடாந்த அறிக்கை, செயலாளர், கணக்காய்வு என்று செலவுகள் உண்டு. அடுப்படியில் தொடங்குபவருக்கு முதலில் பெயர்ப் பதிவே போதும்.

சாச்சி சான்றிதழோடு அதே வங்கிக்குப் போனார். கணக்குத் திறந்தார். காசோலையின் ஆறு மாதம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது 68,000 ரூபா கணக்கில் விழுந்தது. உம்மாவுக்கு முதல் தவணை 10,000 அன்றைக்கே வந்துவிட்டது.

சான்றிதழை எல்லோருக்கும் தெரியும்படி வியாபார இடத்தில் வைக்க வேண்டும் என்பதும் சட்டம். சாச்சா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, அடுப்படி வாசலுக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். எண்ணெய்ப் புகை படாத இடமாகத் தேடித்தான் மாட்டினார். அதில் சாச்சியின் முழுப் பெயர் இருக்கிறது. கலியாணக் கடதாசிக்கும் அடையாள அட்டைக்கும் பிறகு தன் முழுப் பெயரை அச்சில் காண்பது இதுதான் முதல் தடவை என்று சாச்சி சொன்னார்.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் ஒருவர் கேக் விற்கிறார், தையல் தைக்கிறார், டியூஷன் எடுக்கிறார் என்றால், அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லிவிடாதீர்கள். அவரைக் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்கு ஒரு நாள் போங்கள். வரிசையில் நீங்கள் நில்லுங்கள். கையெழுத்தை அவர் வைக்கட்டும்.